மூளிக் காது

அந்தப் படத்தை உள்ள வையி தாயி. பாக்கவே எரிச்சலா வருது. பனி மலையாம், குதிரையாம், பூலோக சொர்க்கமாம். எவன் எழுதினான் சொர்க்கம்னு? அவன் அங்க ஒரு நாள் தங்கியிருப்பானா? நான் தங்கியிருக்கேன். ஆமா, நான்தான். என்ன அப்படிப் பாக்குற? சுங்கடிச் சேலையும் ரப்பர் செருப்புமா இருக்கிறவ அங்கெல்லாம் எங்க போயிருக்கப் போறான்னுதான? போயிருக்கேன். கிர்கிஸ்தான். இந்தப் பேரு வாயில நுழையவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. காசைக் கொட்டிச் சுத்திப் பாக்கப் போறேன்னா பேசாம குத்தாலத்துக்குப் போ. குளிக்கவாச்சும் செய்யலாம்.

மதுரை வரைக்கும் ஒண்ணாத்தான வரப்போறோம், சொல்றேன் கேளு. எனக்கு சங்கரன்கோவில். தறிக்கு நூல் சுத்துறவ. என் வீட்டுக்காரரு, அவுக போயிச் சேந்து ஆறேழு வருசம் ஆகுது. ஒரு மவ, கோமதி. கட்டிக் குடுத்தாச்சு. ஒரு மவன், மாரிச்செல்வம். அவன்தான் அந்த ஊருல போயி மாட்டிக்கிட்டான். நம்ம பிள்ளைக அங்க டாக்டருக்குப் படிக்கப் போகுதுல்ல, அதுகளுக்கு இட்லி சாம்பார் பொங்கிப் போட மெஸ்ஸுக்கு ஆளு கேட்டாக. போனான். போனவன் நல்லாத்தான் இருந்தான். திடீர்னு ஒரு நாள் போன்ல, "அம்மா, இங்க ஒரு பிள்ளை இருக்கு"ன்னான். பிள்ளைன்னா ஊரு பூராவும்தான் பிள்ளை இருக்கும், அதுக்கென்னடான்னேன்.

மெஸ்ஸுல கணக்குப் பாக்குற பிள்ளையாம். மலைக்கு அங்கிட்டு ஏதோ ஒரு கிராமமாம். பேரு ஜில்திஸ். கோலி சோடாவுக்கு வைக்கிற பேரு. சாதி வேற, சாமி வேற, பாஷை வேற. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "நான் வர்றேன். அந்த வீட்டுல போயி முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு உன்னைக் கையோட கூட்டிட்டு வர்றேன்"னேன். சரிம்மா வான்னான். டிக்கெட் போட்டு அனுப்பினான். சண்டை போடுறதுக்கு ஏரோப்ளேன்ல போனவ நம்ம ஊருல நான் ஒருத்திதான் இருப்பேன்.

அது என்ன ஊருங்கிற? டவுன்ல இருந்து விடிஞ்சு கெளம்பினா பொழுது சாயுற வரைக்கும் வேன்ல போகணும். ஒரு டீக்கடை கெடையாது. எங்க ஊருல மேக்க திரும்பினா மலை. பச்சைப்பசேல்னு இருக்கும், மழை பெஞ்சா அருவி கொட்டும். அங்க இருக்கிறதும் ஒரு மலையா? ஒரு மரம் இல்ல. மொட்டை போட்ட மண்டை மாதிரி வரிசையா நிக்குது. அதுக்கு மேல பனி. அந்தப் பனியை வச்சு என்ன செய்ய? ஒரு எடத்துல மலை உச்சியில வேனை நிப்பாட்டினான். எல்லாரும் இறங்கி வரிசையா நின்னு பாக்குறாக. என்னத்தடா பாக்குறாகன்னு கேட்டேன். மலையைப் பாக்குறாகம்மாங்கான். மலை மேல நின்னுக்கிட்டு மலையைப் பாக்குற கூட்டத்தை நான் அங்கதான் கண்டேன்.

வேன்ல வாரப்பவே மாரிச்செல்வம் ஆரம்பிச்சான். "அம்மா, அந்த வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. போறதுக்கு முந்தி சொல்லிருதேன்"னான். நான், "அந்தப் பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினே, இந்த வேன்ல இருந்து குதிச்சிருவேன்"னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "இல்லம்மா, சின்ன விசயந்தான்"னான். நான் கதவுப் பிடியில கையை வச்சேன். அதுக்கப்பறம் அவன் சட்டைப் பையை மட்டும் தடவித் தடவிப் பாத்துக்கிட்டான். வளத்த வளப்பு அப்படி. அம்மா சொன்னா கேட்டுக்கிடுவான்.

போயி இறங்கினா ஊரே வாசல்ல நிக்கி. பிள்ளையோட அம்மா ஓடி வந்து கட்டிப் பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தா. என்ன பழக்கமோ! எங்க ஆத்தா கூட எனக்கு முத்தம் குடுத்ததில்ல. அவ ஆளு நல்ல வாட்டசாட்டம், கன்னம் ரெண்டும் தக்காளி கணக்கா செவந்து கெடக்கு. என்னமோ பேசுறா, அழுகுறா, சிரிக்கிறா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பிள்ளையோட அப்பா தலையில வெள்ளையா உசரமா ஒரு குல்லா. அந்த ஆளு நெஞ்சுல கையை வச்சுக் குனிஞ்சாரு. வயசுல மூத்த ஆம்பளை எனக்குக் குனிஞ்சா நான் என்ன செய்ய? நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

உள்ள போனா நாற்காலி கெடையாது, கட்டில் கெடையாது. தரை பூரா கம்பளி விரிச்சு நடுவுல துணி போட்டு ரொட்டியா குமிச்சு வச்சிருக்காக. நான் நம்ம வழக்கப்படி வாசப்படி ஓரமா, செருப்பு கெடக்கிற எடத்துக்குப் பக்கத்துல உக்காந்தேன். நாலு பேரு கூடுற எடத்துல நான் எங்க உக்காரணும்னு எனக்குத் தெரியும்ல. என் வீட்டுக்காரரு போன நாள்ல இருந்து அப்படித்தான். அவ்வளவுதான் தாயி, வீட்டுல இருந்த பொம்பளைக அத்தனை பேரும் எந்திரிச்சிட்டாக. ஒருத்தியும் உக்கார மாட்டேங்குறா. வாசலுக்கு நேர் எதிரா, அந்தக் கடைசில, செவுத்தை ஒட்டி மெத்தை போட்டுருக்கு. அங்க வா, அங்க வான்னு கையைப் பிடிச்சு இழுக்கா அந்தச் செவத்தவ. அதுதான் அந்த வீட்டுல ஒசந்த எடமாம். பெரிய மனுசங்க உக்காருற எடமாம்.

நான் மாரிச்செல்வத்துக்கிட்ட சொன்னேன். "ஏலேய், நான் தாலி அறுத்தவன்னு சொல்லு. நல்ல காரியம் பேசுற வீட்டுல என்னை நடுவுல கொண்டுபோயி வைக்கக் கூடாதுன்னு சொல்லு"ன்னேன். எனக்கு அவுக சம்பந்தம் வேணாம், அது வேற. அதுக்காக அவுக வீட்டுக்குக் கெடுதல் நெனைக்க முடியுமா? அவன் சொன்னான். சொன்னதும் அந்தச் செவத்தவ கண்ணு கலங்கிருச்சு. சரி, புரிஞ்சுக்கிட்டாக, விட்டுருவாகன்னு பாத்தா, என் தோளைப் பிடிச்சு இன்னும் இறுக்கி அணைச்சுக் கொண்டுபோயி அந்த மெத்தையில உக்கார வச்சு, முதுகுக்கு ஒண்ணுக்கு ரெண்டா தலகாணியும் வச்சிட்டா. எல்லாரும் என்னையவே பாக்குறாக. எனக்கு உடம்பு கூசிப்போச்சு. எடுத்துச் சொல்லியும் புரியாத சனங்களை என்ன செய்ய?

சாப்பாட்டைக் கேக்காத. குதிரைப் பாலு. புளிச்ச கஞ்சித் தண்ணி மாதிரி ஒரு வீச்சம். அவுகளுக்குக் குதிரைக் கறி, எனக்கு மட்டும் தனியா சோறும் உருளைக்கிழங்கும். உப்பு இல்ல, உறைப்பு இல்ல. மவன் முந்தியே போன்ல சொல்லியிருந்தானாம், அம்மா குதிரைக் கறி சமைச்ச சட்டியில சாப்பிட மாட்டாகன்னு. அதுக்காகப் புதுச் சட்டி வாங்கியிருக்காக. வாங்கினவுகளுக்கு அதுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் கிழிக்கத் தெரியல. அப்படியே அடுப்புல வச்சுக் கருகிப் போயி நாறுது. ஒரு ரொட்டியை எடுத்து அடியில கரி இருக்கான்னு திருப்பிப் பாத்துட்டு அப்படியே வச்சேன். பக்கத்துல இருந்தவ சத்தமில்லாம அதை நிமித்தி வச்சா. ரொட்டியைக் கவுத்தி வச்சா ஆகாதாம். வெறும் ரொட்டிக்கு இம்புட்டு சாங்கியம்!

அப்பறந்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டாந்து எனக்கு எதிர்ல உக்கார வச்சாக. நான் என்னமோ ரம்பையா இருப்பான்னு நெனைச்சேன். ஒல்லிக்குச்சி. கண்ணு சின்னது. தலையை வாரிப் பின்னாடி கெட்டியிருந்தா. ஆனா தாயி, காது! ரெண்டு காதும் மூளி. ஒரு பொட்டுத் தங்கம் இல்ல, ஒரு பிளாஸ்டிக் கம்மல் கூட இல்ல. துவாரம் மட்டும் இருக்கு. பொண்ணு பாக்க வந்திருக்காகன்னு ஊரையே கூட்டி வச்சிட்டு, ஒரு கொமரியை மூளிக் காதோட கொண்டாந்து சபையில உக்கார வைக்கிற வீடு எங்கயாவது உண்டா? எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. பெத்தவளைப் பாத்தா அவ காதுல பவளம் தொங்குது. தான் போட்டுக்கிட்டு மகளை மூளியா விட்டுருக்கா.

எனக்கு அந்தக் காதை விட்டுக் கண்ணை எடுக்க முடியல. துவாரம் தூந்து போயிரும்லன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. மறுநாள் காலையில முடியாதுன்னு சொல்லப் போறோம். சொல்றதை வெறுங்கையோட சொல்ல வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளை, அது என்ன பாவம் பண்ணுச்சு, ஏதாவது ஒண்ணைக் கையில குடுத்துட்டுச் சொன்னாத்தான் நமக்கும் மரியாதைன்னு தோணுச்சு. என் காதுல ஒரு பொட்டுத் தோடு கெடந்துச்சு. அவுக போனப்பறம் எல்லாத்தையும் கழட்டிட்டாக. கோமதிதான் மூளியா இருக்காதம்மான்னு அழுது ஒரு சின்னத் தோடு வாங்கிப் போட்டு விட்டா. அதைக் கழட்டினேன். "இங்க வாடி"ன்னேன். வந்து மண்டி போட்டா. ரெண்டு காதுலயும் மாட்டித் திருகாணியை முறுக்கி விட்டேன். இப்பத்தான் பிள்ளை மாதிரி இருக்கன்னு சொன்னேன்.

அம்புட்டுத்தான். வீடே அலறுது! பொம்பளைக எல்லாம் கையைத் தட்டிக் கத்துறாளுக. ஒருத்தி ஓடி வந்து அந்தப் பிள்ளை தலையில வெள்ளைத் துணியைக் கெட்டுறா. ஒருத்தி தட்டு நிறைய மிட்டாயை அள்ளி எங்க தலையில கொட்டுறா. குல்லாக்காரரு அழுகுறாரு. செவத்தவ என்னைக் கட்டிப் பிடிச்சு மறுபடியும் முத்தம். எனக்குக் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. மாரிச்செல்வத்தைப் பாத்தா அவன் செவுத்துல சாஞ்சு நின்னு மொகத்தை மூடிக்கிட்டு விசும்புறான். என்னடா இதுன்னா, "அம்மா, இங்க மாப்பிள்ளையோட அம்மா வந்து பொண்ணு காதுல கம்மல் போட்டா நிச்சயம் முடிஞ்சதுன்னு அர்த்தம்மா. அதுக்குத்தான் அவ காலையில தன் கம்மலைக் கழட்டி வச்சா. இதைத்தான் வேன்ல சொல்ல வந்தேன்"னான். பையில இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினான். உள்ள ஒரு சோடி கம்மல். என்னைப் போடச் சொல்லிக் கேக்கணும்னு வாங்கிட்டு வந்தவன் கேக்கப் பயந்துக்கிட்டு அங்க நிக்கான். நான் எங்காதுல கெடந்ததையே கழட்டிப் போட்டு வச்சிருக்கேன்!

ஏமாத்து இல்லாம இது என்ன? ஒரு பொம்பளை மூளிக் காதைப் பாத்தா சும்மா இருக்க மாட்டான்னு தெரிஞ்சே செஞ்சிருக்காக. அவுகளுக்கு நம்ம வழக்கம் எப்படித் தெரியும்னு கேக்காத. தெரிஞ்சிருக்கும். நான் கத்தினேன். எனக்குத் தெரியாது, இது செல்லாது, என் தோட்டைக் கழட்டுங்கன்னு கத்தினேன். மவன் ஒவ்வொண்ணா அவுக பாஷையில சொன்னான். ஒருத்தரும் சண்டைக்கு வரல. சண்டைக்கு வந்திருந்தா நான் பாத்துக்கிடுவேன். வராத ஆளுகளோட என்ன செய்ய?

மறுநாள் காலையில குல்லாக்காரரு என்னைக் கூப்பிட்டு எதிர்ல உக்காந்தாரு. நிதானமாத்தான் பேசினாரு. "தெரியாம நடந்தது. உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. ஆனா போட்டவ கைதான் கழட்டணும். நாங்க கையை வைக்கக் கூடாது. நீங்க கழட்டிட்டா உங்க மகன் உங்களோட வரலாம், எங்க மக எங்களோட இருப்பா"ன்னாரு. மவன் அதை எனக்குச் சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சு நின்னான். நீ என்னடா சொல்றன்னேன். "நீ கழட்டினா வந்துருதேம்மா"ன்னான். எனக்கு வேற என்ன வேணும்? வந்த காரியம் முடிஞ்சது. கையை நீட்டினாப் போதும்.

அந்தப் பிள்ளை வந்து எனக்கு முன்னால மண்டி போட்டா. ராத்திரி பூரா அழுதிருக்கா போல, கண்ணு இன்னும் சின்னதாயிருச்சு. முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினா. நான் கையைக் கொண்டு போனேன். திருகாணி மேல விரல் பட்டுருச்சு.

தங்கபுஷ்பம்னு எனக்கு ஒரு நாத்தனா இருக்கா. அவுக காரியத்தன்னிக்கு என்னைக் கொளத்தங்கரையில உக்கார வச்சு அவதான் எல்லாத்தையும் கழட்டினா. வளையலை ஒடைச்சா, மெட்டியை உருவினா. தோட்டுத் திருகாணி இறுகிப்போயி வரல. இழுத்தா. காதுல ரத்தம் வந்துச்சு. நான் கத்தல. சுத்தி நின்னவளுக எல்லாம் எம்மூஞ்சியப் பாக்காம தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னாளுக. ஒரு பொம்பளை காதுல கெடக்கிறதை இன்னொரு பொம்பளை கையால கழட்டுறதுன்னா நமக்கு அது ஒண்ணுதான தாயி? அதுவும் மாமியாக்காரி கழட்டுறதுன்னா? இந்தப் பிள்ளையைக் கட்டிக்கிடப் போறவன் உசுரோட எம்பக்கத்துல நிக்கான். என் வயித்துல பொறந்தவன். அவனுக்குன்னு மாட்டுனதை அவனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு என் கையாலயே…

அதெல்லாம் இல்ல. குளிரு. அந்த ஊரு குளிருல விரல் வெறைச்சுப் போயிருச்சு. திருகாணியைப் பிடிக்கவே முடியல. வேற ஒரு காரணமும் கெடையாது. "போடி, நீயே வச்சுக்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? "சரி அத்தை"ன்னா. தமிழ்ல. அத்தையாம்ல அத்தை! இவன் சொல்லிக் குடுத்திருக்கான். சொன்ன கையோட என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுகுறா. மூக்கு வேற ஒழுகுது. என் சேலையிலதான் தொடைச்சுவிட வேண்டியதாப் போச்சு.

தனியா வந்தேன். மவனைக் கூட்டிட்டு வரேன்னு போனவ அவுக குடுத்த ஒரு கம்பளியைச் சொமந்துக்கிட்டு வந்தேன். சங்கரன்கோவில் வெயிலுக்குக் கம்பளி! ஊருல இருக்கிறவுக சிரிச்சாக. தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்தா. "சரி மதினி, நடந்தது நடந்து போச்சு. ரெண்டு பேரையும் இங்க வரச் சொல்லு. நம்ம மண்டபத்துல வச்சுத் தாலியைக் கெட்டிருவோம். நானும் எங்க வீட்டுக்காரரும் அப்பா அம்மாவா நின்னு எல்லாத்தையும் செஞ்சிருதோம். நீ கஷ்டப்படாத, உள்ள இருந்துக்கோ"ன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. கோமதி கல்யாணத்துலயும் அவதான் நின்னா. நான் சமையக்கட்டுல இருந்தேன். என் வயித்துல பெத்த பிள்ளைக்குத் தாலி ஏறுறதை நான் பாக்கல தாயி. கெட்டி மேளம் கேட்டுத்தான் ஏறிருச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். சாம்பார் அண்டாவுக்குப் பின்னால கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். சமையக்காரங்க வெங்காயம்னு நெனைச்சிருப்பாக. ஆனா அது முறை. முறைன்னா நாமதான அனுசரிச்சுப் போகணும்? அதனால சரின்னு சொல்லிட்டேன்.

மாரிச்செல்வத்துக்குப் போன் போட்டேன். இங்க செய்றதுக்கு முந்தி அங்க ஒரு கல்யாணம் செஞ்சாகணும்னான். பொண்ணு வீட்டு வழக்கமாம், நான் வரணுமாம். எனக்கு முடியாது, உன் அத்தை தங்கபுஷ்பத்தை அனுப்புறேன், அவளுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்னேன். அவன் போனை அந்தக் குல்லாக்காரருக்கிட்டக் குடுத்துட்டான். அவரு பாஷையில அவரு பேசுறாரு, என் பாஷையில நான் பேசுறேன். எவ்வளவு நேரம் பேசினோம்னு தெரியல. கடைசில மவன் வாங்கிச் சொன்னான், அத்தை வேணாம்ங்கிறாகம்மா, நீதான் வேணுமாம்னான்.

எங்க போறன்னு கேக்குறியே, அங்கதான் மறுபடியும். மதுரையில ஏரோப்ளேன் ஏத்திவிடக் கோமதி மாப்பிள்ளை வர்றாரு. வத்தல், முறுக்கு, மிளகாப்பொடி எல்லாம் இந்தப் பையில இருக்கு, அங்க உப்பு உறைப்பு கெடையாதுல்ல. போகாம என்ன செய்ய? போன மாசமே கல்யாணத்துக்கு நாள் வச்சிருந்தாகளாம். ஊரையெல்லாம் கூப்பிட்டு, ஆடெல்லாம் பிடிச்சுக் கெட்டியாச்சு. மாப்பிள்ளை அங்க நிக்கான், பொண்ணும் அங்கதான் இருக்கா. நடத்திற வேண்டியதுதான? நடத்தல. வந்த ஆளுகளைத் திருப்பி அனுப்பிட்டு, நான் போற வரைக்கும் அந்த மெத்தையில ஒருத்தரையும் உக்கார விடாம வச்சிருக்காக. ஒரு அறுத்தவ வரலைங்கிறதுக்காகக் கல்யாணத்தை நிப்பாட்டி வச்சிருக்காகன்னா, எம்புட்டு விவரங்கெட்ட சனங்கன்னு நீயே பாத்துக்கோ.